குடல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி: நிலத்தை விற்கும் முன் ஒரு டெஸ்ட்!

2022ஆம் வருடம், ஜூன் மாதம். சாயங்காலம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஓர் இளைஞர் என் வைத்தியசாலைக்குள் வந்தார். ஒரு கையில் ஆஸ்பத்திரி ஃபைல், இன்னொரு கையில் செல்போன்.

"சார், இதைப் படிச்சுப் பாருங்க. அமெரிக்காவுல 12 பேருக்கு ஒரு மருந்து ஏத்தினாங்களாம். 12 பேருக்கும் கேன்சர் காணாமப் போயிருச்சாம். அப்பாவுக்கும் அதே மலக்குடல் கேன்சர்தானே? ஊர்ப்பக்கம் கொஞ்சம் நிலம் கிடக்கு. வித்துரலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

இதை ஒரு சித்த மருத்துவரிடம் ஏன் கேட்கிறார் என்று தோன்றுகிறதா? காரணம் இருக்கிறது. அவருடைய அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வெளிக்குப் போகும்போது ரத்தம் போகிறது என்று முதலில் வந்தது என்னிடம்தான். "பழைய மூலம்தான் டாக்டர் தம்பி, அந்தக் கருணைக்கிழங்கு லேகியம் கொடுங்க போதும்" என்றார். நானும் கொடுத்தேன். துத்தி இலையும் சொன்னேன். மூன்று மாதம் இப்படியே போனது. கையுறை மாட்டி விரலால் ஆசனவாயைப் பரிசோதிக்க இரண்டு நிமிடம் போதும். கூச்சப்படுவாரே என்று அதை நான் செய்யவில்லை. எடை குறைய ஆரம்பித்த பிறகுதான் பரிசோதித்தேன். கட்டி விரலில் தட்டுப்பட்டது. உடனே ஆங்கில மருத்துவரிடம் அனுப்பினேன். ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், இன்னொரு வீட்டில் இது நடக்கக்கூடாது என்பதற்காக.

அந்தப் பையன் கேட்ட கேள்வியை இப்போது பல குடும்பங்களில் கேட்கிறார்கள். பதில் 'வாங்கலாம்' என்பதும் இல்லை, 'வேண்டாம்' என்பதும் இல்லை. 'முதலில் ஒரு டெஸ்ட் எடுங்கள்' என்பதுதான் பதில். அது என்ன டெஸ்ட், ஏன் என்று விளக்குகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சக்தி குறைந்துவிட்டதா?

இம்யூனோதெரபி என்றால் 'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் வைத்தியம்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். "அப்படின்னா உங்க லேகியமே போதுமே சார்!" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு.

சித்த மருத்துவத்தில் உடல் வன்மை என்று ஒன்றைச் சொல்கிறோம். பிறப்பிலேயே வருவது இயற்கை வன்மை. வயதையும் பருவத்தையும் ஒட்டி அமைவது கால வன்மை. உணவாலும் மருந்தாலும் பெறுவது செயற்கை வன்மை. இதை நான் கல்லூரியில் படித்தேன், இன்றைக்கும் மதிக்கிறேன். ஆனால், இந்தப் புதிய மருந்துகள் வேலை செய்யும் இடம் வேறு. பல புற்றுநோயாளிகளின் உடலில் எதிர்ப்பு அணுக்கள் பலமாகவே இருக்கின்றன. அவற்றை ஓடவிடாமல் ஏதோ ஒன்று தடுத்து நிறுத்தியிருக்கிறது.

தேருக்கு முட்டுக்கட்டை

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தேரை இழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிப்பார்கள். ஆனால், தேரை நிறுத்துவது யார்? சக்கரத்தை ஒட்டியே கட்டையோடு நடந்து வரும் சிலர்தான். தேர் வேகமெடுத்தாலோ, திரும்ப வேண்டிய இடம் வந்தாலோ சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையைப் போட்டுவிடுவார்கள். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் தெருவோர வீட்டுத் திண்ணைமேல் ஏறிவிடும்!

நம் ரத்தத்தில் 'டி செல்' என்ற வெள்ளணுக்கள் இருக்கின்றன. கிருமி தாக்கிய அணுக்களையும் கெட்டுப்போன அணுக்களையும் கொல்வது இவற்றின் வேலை. இவை கட்டுமீறிப் போனால் நம் குடலையும் ஈரலையும் மூட்டுகளையுமே தாக்கிவிடும். அதனால் இயற்கையே இவற்றின் மேல் சில முட்டுக்கட்டைகளை வைத்திருக்கிறது. இவற்றைத்தான் 'இம்யூன் செக்பாயின்ட்' என்கிறார்கள்.

முக்கியமானவை இரண்டு. ஒன்று சி.டி.எல்.ஏ.-4. தேர் நிலையைவிட்டுக் கிளம்பும்போதே போடும் கட்டை இது. டி செல்கள் நெறிக்கட்டிகளில் தயாராகிப் புறப்படும் கட்டத்தில் வேலை செய்கிறது. இன்னொன்று பி.டி.-1. இது பாதி வீதியில் போடும் கட்டை. டி செல் புற்றுக்கட்டிக்குப் பக்கத்திலேயே போய்விட்ட பிறகு அதை நிறுத்துகிறது. புற்று அணு பல சமயம் பி.டி.-எல்.1 என்ற புரதத்தைத் தன் மேல் வளர்த்துக்கொள்கிறது. அதுதான் கட்டையைப் போடும் கை. காவலுக்கு வந்த டி செல் அந்தக் கை பட்டதும் அப்படியே நின்றுவிடும்!

பி.டி.-1ஐ ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் டசுகு ஹொன்ஜோ குழுவினர் 1992இல் கண்டுபிடித்தார்கள். சி.டி.எல்.ஏ.-4 கட்டையை மருந்தால் தடுத்தால் எலிகளின் கட்டி கரைகிறது என்று 1996இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன் குழுவினர் காட்டினார்கள். இருவருக்கும் 2018இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றின் அடிப்படையில் வந்தவைதான் இன்றைய மருந்துகள். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், டோஸ்டார்லிமாப் மூன்றும் பி.டி.-1 கட்டையைத் தடுப்பவை. இபிலிமுமாப் சி.டி.எல்.ஏ.-4ஐத் தடுப்பது. பெரும்பாலும் டிரிப்ஸ் போல ரத்தக்குழாய் வழியாக ஏற்றுபவை. இவை நேரடியாகப் புற்று அணுவைக் கொல்வதில்லை. கட்டையை எடுத்துவிடும், அவ்வளவுதான். தேரை இழுக்க வேண்டியது நம் டி செல்கள்தான்.

33 பேரில் ஒருவர்

சரி, கட்டையை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் தேர் ஓட வேண்டுமே? ஓடவில்லை!

பி.டி.-1 மருந்தை ஆரம்பத்தில் பரிசோதித்தபோது, குடல் புற்றுநோயாளிகள் 33 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் பலன் கிடைத்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் பிரமாதமாக வேலை செய்த மருந்து இங்கே தோற்றுப்போனது. வேறு யாராவது என்றால் குடல் புற்றுநோய்க்கு இது சரிப்படாது என்று விட்டிருப்பார்கள். ஆனால், அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். 32 பேருக்கு ஏன் கேட்கவில்லை என்பதோடு, அந்த ஒருவருக்கு மட்டும் ஏன் கேட்டது என்றும் தேடினார்கள்.

விடை அந்த நோயாளியின் கட்டியிலேயே இருந்தது. அதில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு பழுதாகியிருந்தது.

இந்தப் பத்திரிகை அச்சாகும் முன் ஒருவர் புரூஃப் பார்த்து எழுத்துப் பிழைகளைத் திருத்துவார் இல்லையா? அதுபோல நம் அணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, டி.என்.ஏ.வைப் படியெடுப்பதில் வரும் பிழைகளைத் திருத்தச் சில புரதங்கள் இருக்கின்றன. முக்கியமானவை நான்கு: எம்.எல்.ஹெச்.1, எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6, பி.எம்.எஸ்.2. இதில் ஒருவர் லீவு போட்டாலும் பிழைகள் குவிந்துவிடும். பிழை குவிந்தால் அணுவில் விசித்திரமான புரதங்கள் உண்டாகும். டி செல்களின் கண்ணுக்கு அவை அந்நியமாகத் தெரியும். உடனே கூட்டம் கூட்டமாக வந்து கட்டியைச் சூழ்ந்துகொள்ளும். அதாவது, வடத்தைப் பிடித்தபடி ஜனங்கள் தயாராக நிற்கிறார்கள். கட்டையை எடுத்ததும் தேர் கிளம்பிவிடுகிறது!

பிழை திருத்தம் ஒழுங்காக நடக்கும் கட்டிகளில் நிலைமை வேறு. பெரும்பாலும் அங்கே டி செல்களே அதிகம் வருவதில்லை. வடம் பிடிக்க ஆளில்லாத தேருக்கு முட்டுக்கட்டையை எடுத்து என்ன பிரயோஜனம்?

இதை 2015இல் ஆய்வாகவே காட்டினார்கள். பிழை திருத்தம் பழுதான குடல் புற்றுநோயாளிகள் 10 பேரில் 4 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. திருத்தம் சரியாக இருந்த 18 பேரில் ஒருவருக்குக்கூடச் சுருங்கவில்லை. முதல் வகைக் கட்டிகளில் சராசரியாக 1,782 மரபணு மாற்றங்கள், இரண்டாவது வகையில் வெறும் 73!

அதன்பிறகு 307 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. நோய் பரவிவிட்ட, பிழை திருத்தம் பழுதான வகை நோயாளிகள் இவர்கள். கீமோதெரபி பெற்றவர்களுக்கு நோய் கூடாமல் இருந்த காலம் நடுவாக 8.2 மாதம். பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களுக்கு 16.5 மாதம். கடுமையான பக்கவிளைவுகள் கீமோவில் 100க்கு 66 பேருக்கு, இதில் 22 பேருக்கு. ஆனால், இந்த வகையிலும் எல்லோருக்கும் கேட்டுவிடவில்லை. 10 பேரில் சுமார் 3 பேருக்கு மருந்தையும் மீறி ஆரம்பத்திலேயே நோய் கூடியது. பிறகு நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இன்னும் நல்ல பலன் தெரிந்தது. 2024இல் வெளியான அந்த முடிவின்படி, இரண்டு வருடம் கழித்தும் நோய் கூடாமல் இருந்தவர்கள் 100க்கு 72 பேர். கீமோவில் 14 பேர்.

செல்போனில் வந்த அந்த 12 பேர்

அந்த இளைஞர் காட்டிய செய்தி பொய் இல்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கு ஆறு மாதம் டோஸ்டார்லிமாப் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்தது. ஆபரேஷன், ரேடியேஷன் எதுவும் தேவைப்படவில்லை. 2025இல் வெளியான தொடர் ஆய்விலும், சிகிச்சையை முடித்த மலக்குடல் நோயாளிகள் 49 பேருக்கும் அதே பலன்.

ஆனால், செல்போன் செய்தி இரண்டு விஷயங்களை விட்டுவிட்டது. அத்தனை பேரும் பிழை திருத்தம் பழுதான வகை. அத்தனை பேருக்கும் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவாத நிலை.

இந்த வகை எத்தனை பேருக்கு இருக்கும்? குடல் புற்றுநோய் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 100க்கு சுமார் 15 பேர். வேறு உறுப்புக்குப் பரவியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100க்கு 4, 5 பேர்தான். மற்ற பெரும்பான்மையினருக்காக லாக்-3, டிம்-3, டிஜிட் என்ற வேறு முட்டுக்கட்டைகளைக் குறிவைத்து ஆராய்ச்சி நடந்திருக்கிறது. லாக்-3 மருந்தை நிவோலுமாபோடு சேர்த்து அவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு, பலன் தெரியாததால் 2023இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. முயற்சிகள் தொடர்கின்றன. ஆனால், ஆராய்ச்சி நிலையில் இருப்பதை நம்பி வீட்டை அடகு வைக்கக்கூடாது.

எந்த டெஸ்ட்? எப்படிக் கேட்பது?

டெஸ்டின் பெயர் எம்.எம்.ஆர். அல்லது எம்.எஸ்.ஐ. டெஸ்ட். நோயைக் கண்டுபிடிக்க ஏற்கெனவே எடுத்த சதைத் துண்டை லேபில் மெழுகுக் கட்டியாகப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அதிலேயே பார்த்துவிடலாம். மறுபடி சதை எடுக்கத் தேவையிருக்காது. மருந்தின் விலை லட்சக்கணக்கில். அதோடு ஒப்பிட்டால் டெஸ்டுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

ரிப்போர்ட்டில் 'எம்.எம்.ஆர். டெஃபிஷியன்ட்' அல்லது 'எம்.எஸ்.ஐ. ஹை' என்று இருந்தால், இந்த மருந்து பலன் தர நல்ல வாய்ப்பு உண்டு. 'எம்.எம்.ஆர். ப்ரொஃபிஷியன்ட்' அல்லது 'எம்.எஸ்.எஸ்.' என்று இருந்தால், இந்த மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பதால் அநேகமாகப் பலன் இல்லை. 'டெஃபிஷியன்ட்' என்றதும் ஏதோ கெட்ட செய்தி என்று பயப்படாதீர்கள். இந்த மருந்தைப் பொறுத்தவரை அதுதான் நல்ல செய்தி!

இன்னொன்று. டெஃபிஷியன்ட் என்று வந்தால், அது பரம்பரையாக வருவதா என்றும் பார்க்க வேண்டும். 'லிஞ்ச் சிண்ட்ரோம்' என்ற பரம்பரைக் குறை இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. குடல் புற்றும் பெண்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றும் இளவயதிலேயே வரலாம். அப்படிப்பட்ட குடும்பங்களில் 25 வயது வாக்கிலேயே கொலோனோஸ்கோப்பியை ஆரம்பிக்கச் சொல்வார்கள். டெஃபிஷியன்ட் எல்லாமே பரம்பரை என்று அர்த்தம் இல்லை. வயதானவர்களுக்கு அந்தக் கட்டியில் மட்டும் பழுது ஏற்படுவதும் உண்டு. டாக்டரிடம் கேட்டுத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் கவனத்துக்கு

முட்டுக்கட்டை இல்லாத தேர் திண்ணைமேல் ஏறும் என்றேனே, அதுதான் இந்த மருந்துகளின் பக்கவிளைவு. குடல், ஈரல், நுரையீரல், தைராய்டு, தோல், அபூர்வமாக இதயம் என்று நம் சொந்த உறுப்புகளையே டி செல்கள் தாக்கலாம். மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட இது வரலாம்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு தவறு நடக்க வாய்ப்பு இருக்கிறது. வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வோம்? மாதுளம் தோல், சுண்டைவற்றல் பொடி, தயிர்ச்சுண்டிச் சூரணம். சாதாரணக் கழிச்சலுக்கு இவையெல்லாம் நல்லவைதான், நானே கொடுக்கிறேன். ஆனால், இந்த மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு வழக்கத்தைவிட அதிகமாகப் போனால், அது குடலை டி செல்கள் தாக்குவதன் அறிகுறியாக இருக்கலாம். கைவைத்தியத்தால் அதை அடக்கிவைத்தால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். அன்றைக்கே புற்றுநோய் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஸ்டீராய்டு கொடுப்பார்கள். "ஐயோ, ஸ்டீராய்டா!" என்று மறுக்காதீர்கள். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது அதுதான். சித்த மருத்துவனே சொல்கிறேன்!

மூச்சு இரைப்பு, விடாத இருமல், மஞ்சள் காமாலை, நெஞ்சு வலி, தாங்க முடியாத சோர்வு, அளவுக்கு மீறிய தாகம் இவற்றுக்கும் இதேதான். தாமதம் கூடாது.

அடுத்து, 'எதிர்ப்பு சக்திக்கு' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் மூலிகைகள். சீந்தில் கொடியை எடுத்துக்கொள்வோம். எங்கள் மருத்துவத்தில் மிக உயர்ந்த மூலிகை. ஆனால், கொரோனா காலத்தில் அதைத் தானாகவே தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்கு, எதிர்ப்பு அணுக்களே ஈரலைத் தாக்குவது போன்ற அழற்சி வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஈரலைத் தாக்க வாய்ப்புள்ள மருந்து ஒன்று உடம்பில் ஏறிக்கொண்டிருக்கும்போது, அதோடு சீந்திலையும் சேர்த்துப் பரிசோதித்துப் பார்க்க நம் உடம்பு என்ன லேபா? இம்யூனோதெரபி நடக்கும் காலத்தில் நான் யாருக்கும் சீந்தில் கொடுப்பதில்லை. நீங்கள் கஷாயமோ சூரணமோ பற்பமோ சாப்பிடுகிறவராக இருந்தால் பாட்டிலையே எடுத்துப் போய்ப் புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

தலைமை ஆசிரியரின் ரிப்போர்ட்

அந்த இளைஞர் வைத்திருந்த ஃபைலை முழுக்கப் புரட்டினேன். எம்.எம்.ஆர். ரிப்போர்ட் அதில் இல்லை. "தம்பி, நிலம் எங்கேயும் ஓடிப் போகாது. நாளைக்கே ஆஸ்பத்திரியில இந்த டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்க" என்று பெயரை எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்தார். நான்கு புரதங்களும் ஒழுங்காக இருந்தன. ப்ரொஃபிஷியன்ட். அவருடைய அப்பாவுக்கு அந்த மருந்தால் பலன் இல்லை.

கீமோதெரபி கொடுத்தார்கள். பேரன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் முன்வரிசையில் உட்காரும் அளவுக்குத் தெளிவாக இருந்தார். ஒன்றரை வருடம் கழித்துக் காலமானார். துக்கம் கேட்கப் போனபோது அந்தப் பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க சார். நிலத்தை வித்து அந்த மருந்தைக் குடுத்திருந்தா அப்பா பிழைச்சிருப்பாரா?"

"இல்ல தம்பி. இதுல உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். அந்த டெஸ்ட் கையில் இருந்ததால்தான் அப்படி உறுதியாகச் சொல்ல முடிந்தது. இல்லாவிட்டால் அந்தச் சந்தேகம் அவரை ஆயுள் முழுக்க அரித்துக்கொண்டே இருந்திருக்கும்.

ஆனால், முதல் மூன்று மாதத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்படிப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நானாகவே அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்போது ரத்தம் போகிறது என்று யார் வந்தாலும், மூலம் என்று அவரே சத்தியம் செய்தாலும், விரல் பரிசோதனை செய்யாமல் லேகிய டப்பாவைத் திறப்பதில்லை.

மறக்காமல் இருக்க:

1. மலத்தில் ரத்தம், புதிதாக வந்த மலச்சிக்கல் அல்லது கழிச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை இருந்தால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். டாக்டரிடம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

2. குடல் புற்றுநோய் என்று உறுதியானால், சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே எம்.எம்.ஆர். அல்லது எம்.எஸ்.ஐ. ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

3. டெஃபிஷியன்ட் என்றால் இம்யூனோதெரபி பற்றியும், குடும்பத்தினருக்கான பரிசோதனை பற்றியும் டாக்டரிடம் பேசுங்கள்.

4. ப்ரொஃபிஷியன்ட் என்றால் மனம் தளர வேண்டாம். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் என்று பலன் தரும் வழிகள் இருக்கின்றன.

5. மருந்து ஏற்றும் காலத்தில் வயிற்றுப்போக்குக்குக் கைவைத்தியம் கூடாது. சாப்பிடும் எந்த மூலிகையையும் டாக்டரிடம் மறைக்கக்கூடாது.

சொத்தை விற்பதா வேண்டாமா என்ற பேச்சு வீட்டில் ஆரம்பிக்கும் முன்பே இந்த ரிப்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும்.